மோஸல் பள்ளத்தாக்கில் ஆறு நாள் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் ஒயின் பூமியான மோஸல் ஆற்றோரம் மூன்று முறை நடந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று வரிசையாகக் கேள்விகள் வரும். எங்கே தொடங்குவது, சைவம் கிடைக்குமா, அம்மாவை அழைத்துப் போகலாமா, ஒயின் குடிக்காதவருக்கு அங்கே என்ன வேலை? வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

மோஸல் எங்கே இருக்கிறது? எந்தப் பாதையில் நடப்பது?

பிரான்சின் வோஷ் மலையில் பிறக்கும் ஆறு மோஸல். லக்ஸம்பர்க் எல்லையை ஒட்டி ஓடி ஜெர்மனிக்குள் வந்து, கோப்லென்ஸ் நகரில் ரைன் நதியோடு கலக்கிறது. மொத்த நீளம் ஏறக்குறைய 545 கி.மீ. டிரியர் நகரைத் தாண்டியதும் வளைந்து நெளிந்து, காலையில் பார்த்த தேவாலயக் கோபுரத்தை மாலையில் வேறு பக்கத்திலிருந்து மறுபடி காட்டும். இடக்கரையில் ஐஃபல் மேட்டுநிலம், வலக்கரையில் ஹுன்ஸ்ரூக் மேட்டுநிலம். இரண்டுக்கும் நடுவே ஆறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்கு.

இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் போகிற நடைபாதைக்கு மோஸல்ஷ்டைக் என்று பெயர். 2014 ஏப்ரலில் திறந்தார்கள். பெர்ல் என்ற எல்லையோர ஊரில் தொடங்கி கோப்லென்ஸ் வரை 365 கி.மீ., 24 கட்டங்கள். பெர்லுக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கும் சிற்றூரின் பெயர் நம் ஊரில் விசாவுக்கு விண்ணப்பித்த எல்லோருக்கும் தெரியும்: ஷெங்கன். 1985 ஜூன் 14 அன்று அந்த ஊர்க் கரையில், மோஸல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் வைத்துத்தான் ஐந்து நாடுகள் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

365 கி.மீ. முழுவதும் நடக்க வேண்டுமா? ஒரு வாரம்தான் விடுப்பு இருக்கிறது.

வேண்டாம். முதல் முறை போகிறவருக்கு நான் சொல்வது ரைல் முதல் மோஸல்கேர்ன் வரை, ஆறு நாள். பள்ளத்தாக்கின் மிகச் செங்குத்தான பகுதி இதற்குள் வருகிறது. ரயில் நிலையங்களும் அடுத்தடுத்து இருப்பதால், முடியாத நாளில் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம்.

முதல் நாள் ரைலிலிருந்து ட்செல். காலையில் காட்டுக்குள் ஏறி பிரின்ஸன்கோப் காட்சிக் கோபுரத்துக்கும், பிறகு மாரியன்பூர்க் என்ற பழைய கன்னியர் மடத்துக்கும் போவீர்கள். அங்கே நிலம் மிகக் குறுகல். இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலும் மோஸல், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலும் அதே மோஸல். ஆறு ட்செல் வழியாகப் பெரிய சுற்று சுற்றிவிட்டு மறுபடி வந்து நிற்கிறது. கீழே, ப்யூண்டரிஷ் ஊருக்கு எதிர்க்கரையில், மலைச்சரிவை ஒட்டி ஒரு ரயில் பாலம், 92 வளைவுகளோடு. அதன்மேல் ரயில் போகும்வரை காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாம் நாள் ட்செல்லிலிருந்து நேஃப். காடும் மேடும் மாறி மாறி வரும் நீண்ட நாள். மூன்றாம் நாள் நேஃபிலிருந்து எடிகர்-எல்லர். தூரம் குறைவு, ஆனால் கால்மோன்ட் மலை இந்த நாளில்தான் வருகிறது, அதனால் முழு நாளையும் இதற்கே ஒதுக்குங்கள். நான்காம் நாள் எடிகர்-எல்லரிலிருந்து பைல்ஷ்டைன். ஐந்தாம் நாள் பைல்ஷ்டைனிலிருந்து கோஹெம், மதியத்துக்குள் முடிந்துவிடும். ஆறாம் நாள் கோஹெமிலிருந்து ரயிலில் ட்ரைஸ்-கார்டன் போய், அங்கிருந்து எல்ட்ஸ் கோட்டை வழியாக மோஸல்கேர்ன். கோஹெம் முதல் ட்ரைஸ்-கார்டன் வரையிலான கட்டம் 24 கி.மீ. அளவில் நீளமானது. ஆறு நாளில் அடக்க அதை ரயிலில் கடப்பதே சரி என்று நினைக்கிறேன்.

முதல் முறை நான் இதை நான்கு நாளில் முடிக்கத் திட்டம் போட்டேன். இரண்டாம் நாள் இருட்டிய பிறகுதான் ஊருக்குள் இறங்கினேன், வழியில் பார்த்தது ஒன்றும் மனதில் தங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு 15 கி.மீ.க்கு மேல் நானாகத் திட்டமிடுவதில்லை.

திராட்சைத் தோட்டத்தைப் பார்க்க ஆறு நாளா? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்?

தூரத்திலிருந்து அப்படித்தான் தெரியும். உள்ளே நடந்தால் தெரியாது. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கல்லைப் பாருங்கள். காலடியில் மண் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய சிலேட்டு எந்த இனமோ, அதே இனக் கல்தான் சில்லு சில்லாக உடைந்து கிடக்கும். ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகி ஆன கல் இது. மோஸல் இருப்பது திராட்சை விளையும் வட எல்லைக்கு அருகில், குளிர் அதிகம். பகலில் இந்தக் கரிய சிலேட்டுச் சில்லுகள் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடுகின்றன. செங்குத்தான சரிவில் வெயில் நேராக விழுகிறது, கீழே ஆறும் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. இத்தனையும் சேர்ந்துதான் இங்கே ரீஸ்லிங் திராட்சையைப் பழுக்க வைக்கின்றன. சமதளத்தில் நட்டால் சுலபமாயிற்றே என்று எனக்கும் முதலில் தோன்றியது. சரிவில் நடந்தபோதுதான் புரிந்தது: ஏப்ரல் மாதக் காலையில் ஆற்றோரம் கை விறைத்தது, நூறு மீட்டர் மேலே ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது.

அடுத்து கொடியைப் பாருங்கள். மிகச் செங்குத்தான இடங்களில் பந்தலும் இருக்காது, கம்பி வரிசையும் இருக்காது. ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியாக ஒரு மரக்கழி. இரண்டு கிளைகளை இரு பக்கமும் வளைத்துக் கீழே கட்டியிருப்பார்கள், பார்க்க இதய வடிவில் இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. கம்பி இழுத்துவிட்டால் வரிசையை ஒட்டி மேலும் கீழும்தான் போகலாம். தனிக்கழி என்றால் சரிவின் குறுக்காகவும் நடக்கலாம், அந்தச் செங்குத்தில் மேலே ஏறி இறங்குவதைவிடக் குறுக்கே போவது உடம்புக்கு எளிது. சரிவில் ஒரே தண்டவாளம் ஒன்று பற்சக்கரப் பல்லோடு மேலே ஏறிப்போவதையும் பார்ப்பீர்கள். அதில் ஒரு சின்ன மோட்டார் வண்டி ஆளையும் திராட்சைக் கூடையையும் ஏற்றிச் செல்லும். அது வருவதற்கு முன் எல்லாம் முதுகில்தான்.

குளிர்காலத்தில் கிளை நறுக்குவது, வசந்தத்தில் வளைத்துக் கட்டுவது, கோடையில் இலை கிள்ளுவது, இலையுதிர் காலத்தில் பறிப்பது என எல்லாம் கையால்தான். சமதளத் தோட்டத்தில் இயந்திரம் செய்வதை இங்கே மனிதர் பல மடங்கு நேரம் செலவழித்துச் செய்கிறார். அதனால்தான் சரிவுகளில் அங்கங்கே முள்ளும் புதரும் மண்டிய திட்டுகள் தெரிகின்றன. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்ட குடும்பங்களின் தோட்டங்கள் பல அப்படி ஆனவை. ஒரு மாலை, நான் தங்கிய வீட்டுக்காரப் பெரியவர் எதிர்ச்சரிவைக் காட்டி, எந்தத் திட்டு யாருடையது, எந்த ஆண்டு விட்டுப்போனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மறுநாள் அந்தச் சரிவு வழியாக நடந்தபோது நின்று நின்றுதான் போனேன்.

இந்தச் சரிவுகளின் கஷ்டம் புதிதல்ல. 1834இல் ஜெர்மன் நாடுகளுக்கிடையே சுங்க எல்லை நீங்கியதும் தெற்கிலிருந்து வந்த ஒயினோடு போட்டியிட முடியாமல் மோஸல் விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். அதைப் பற்றி 1843 ஜனவரியில் கொலோன் நகரிலிருந்து வந்த ரைனிஷ் ட்சைட்டுங் செய்தித்தாளில் எழுதியவர் அதன் 24 வயது ஆசிரியர், டிரியர் நகரில் பிறந்த கார்ல் மார்க்ஸ். பிரஷ்ய அரசின் ஆணையால் அந்தச் செய்தித்தாள் சில வாரங்களில் நின்றுபோனது. பொருளாதாரத்தின் பக்கம் தன்னைத் திருப்பியவற்றில் இந்த விவசாயிகளின் நிலையும் ஒன்று என்று மார்க்ஸ் பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார்.

கால்மோன்ட் ஆபத்தான இடமா?

பிரெம் ஊருக்கும் எல்லர் ஊருக்கும் நடுவே எழும் மலை இது, உயரம் 378 மீட்டர். ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று இதைச் சொல்வார்கள். சில இடங்களில் சரிவு 60 பாகையைத் தாண்டுகிறது.

இங்கே இரண்டு வழிகள் உண்டு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மோஸல்ஷ்டைக்கின் முதன்மைப் பாதை மலை உச்சிக்கு ஏறிப் போகிறது. மூச்சு வாங்கும், ஆனால் சாதாரண மலைப்பாதைதான். மற்றொன்று தோட்டத்தின் நடுவே சரிவின் குறுக்காகப் போகும் ஏணிப்பாதை. பாறையில் பதித்த இரும்புக் கம்பி, படிக்கம்பி, ஏணி எல்லாம் வரும். உயரம் பார்த்தால் தலை சுற்றாதவர், நல்ல பிடிப்புள்ள காலணி போட்டவர், இரண்டு கையும் வெறுமையாக இருப்பவர் போகலாம். மழையிலும், மழை நின்ற கையோடும் வேண்டவே வேண்டாம். ஈரமான சிலேட்டுக் கல் சோப்பு போல வழுக்கும்.

எந்த வழியில் போனாலும் ஒரு காட்சி கிடைக்கும். கீழே ஆறு முழு வளையமாகத் திரும்புகிறது, வளையத்துக்குள் பச்சை நாக்கு போல ஒரு நிலம், அதன் ஓரத்தில் கூரையில்லாமல் நிற்கும் ஷ்டூபன் மடத்தின் சுவர்கள். இதற்காகவே மூன்று முறையும் இந்தக் கட்டத்தை நடந்தேன்.

எந்த மாதம் போகலாம்?

எனக்குப் பிடித்தது மே மாதமும் அக்டோபர் முதல் பாதியும். மேயில் கொடி துளிர்த்திருக்கும், கூட்டம் இருக்காது, ஒன்பது மணி வரை வெளிச்சம். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை ரீஸ்லிங் அறுவடை. காலைப் பனிமூட்டம் விலகும்போது சரிவில் ஆட்கள் கூடையோடு இறங்குவதைப் பார்க்கலாம், இலைகள் மஞ்சளாகியிருக்கும். ஆனால் அந்த வாரங்களில் அறை கிடைப்பது கடினம், ஊர்தோறும் ஒயின் திருவிழா. சில தோட்டப் பாதைகளை அறுவடைக்காக மூடியும் வைப்பார்கள்.

ஜூலை, ஆகஸ்ட் எனக்கு வேண்டாம். நிழலில்லாத தெற்குச் சரிவில், சுடும் கல்லின் மேல், நம் ஊர்க் கோடைக்குப் பழகியவருக்கே தள்ளாடும். போயே ஆக வேண்டுமென்றால் காலை ஆறரைக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் சரிவை முடித்துவிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பல விடுதிகளும் உணவகங்களும் மூடியிருக்கும்.

கோடைத் தொடக்கத்தில் போகிறவர்கள் கோஹெமுக்கு அருகே வால்விக் ஊரின் பாறைச் சரிவுகளில் வெள்ளைச் சிறகில் சிவப்புப் புள்ளி வைத்த பெரிய வண்ணத்துப்பூச்சியைத் தேடிப் பாருங்கள். அப்பல்லோ என்று பெயர். இதன் ஒரு கிளையினம் உலகிலேயே இந்தக் கீழ் மோஸல் சரிவுகளில் மட்டும்தான் வாழ்கிறது, எண்ணிக்கையும் குறைந்து வருகிறது. தோட்டம் புதராகிக் கல் மூடிப்போனால் அதற்கும் இடமில்லை.

நடந்து பழக்கமில்லை. அம்மாவுக்கு வேறு 60 வயதுக்கு மேல், முழங்கால் வலி. முடியுமா?

ஆற்று மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 முதல் 100 மீட்டர், மேட்டுநிலம் 300 முதல் 400. ஆக ஒவ்வொரு ஏற்றமும் 200, 300 மீட்டர்தான், ஆனால் ஒரு நாளில் இரண்டு முறைகூட வரும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து வாரம் மூன்று நாள் படிக்கட்டு ஏறி இறங்கிப் பழகுங்கள், இரண்டு நடைக்கழிகள் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி சாதாரண உடல்நிலை உள்ள யாரும் நடக்கலாம்.

அம்மாவோடு போவதானால் திட்டத்தை மாற்றிவிடுங்கள். நான் என் அம்மாவை அழைத்துப் போனபோது கோஹெமிலேயே நான்கு இரவும் தங்கினோம். காலையில் நான் மேலே நடப்பேன். அம்மா ஆற்றோரச் சமதளப் பாதையில் தன் வேகத்தில் நடப்பார். மதியம் சேர்ந்துகொள்வோம். நாற்காலி விஞ்சில் உட்கார்ந்து மலைமேல் ஏறிப் பார்த்தோம். ஒரு நாள் கோஹெமிலிருந்து பைல்ஷ்டைனுக்குப் படகில் போனோம். வழியில் ஃபாங்கல் மதகில் படகு நின்று, கதவு மூடி, தண்ணீர் ஏற ஏறப் படகும் மேலே எழும்பியதைப் பார்த்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பயணத்தில் அவர் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வது அதைத்தான். மோஸல் ஆற்றில் இப்படி மதகு கட்டிப் பெரிய கப்பல் போகும்படி ஆக்க 1956இல் மூன்று நாடுகள் ஒப்பந்தம் செய்தன, 1964இல் திறந்தார்கள்.

ஒயின் குடிப்பதில்லை. இந்தப் பயணத்தில் எனக்கு என்ன இருக்கிறது?

நானும் அதிகம் குடிப்பவனல்ல. யாரும் வற்புறுத்த மாட்டார்கள். வின்ட்ஸர் என்பவர் திராட்சையும் வளர்த்து ஒயினும் செய்பவர். பெரும்பாலான வின்ட்ஸர் வீடுகளில் அதே தோட்டத்துத் திராட்சைச் சாறும் இருக்கும், 'டிராவுபன்சாஃப்ட்' என்று கேளுங்கள். கடையில் வாங்கும் சாற்றோடு அதை ஒப்பிட முடியாது. இலையுதிர் காலத்தில் தோட்டத்து ஓரங்களில் விளையும் சிவப்புச் சதைப் பீச் பழத்தில் செய்த ஜாம் வாங்கிவாருங்கள். இன்னொரு எச்சரிக்கை: அறுவடைக் காலத்தில் 'ஃபேடர்வைஸர்' என்று கலங்கிய பானம் விற்பார்கள். பழச்சாறு போல இனிக்கும், ஆனால் புளித்துக்கொண்டிருக்கும் ஒயின் அது. தெரியாமல் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

குடிப்பவர்கள் 'ட்ரோக்கன்' என்றால் இனிப்பில்லாதது, 'ஃபைன்ஹெர்ப்' என்றால் மெல்லிய இனிப்பு என்று நினைவில் வையுங்கள். மதியம் நடை பாக்கி இருக்கும்போது வேண்டாம்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். சிற்றூர் உணவகங்களில் இறைச்சிதான் முதன்மை. காலை உணவு பிரச்சினையே இல்லை: ரொட்டி, பாலாடைக்கட்டி, வெண்ணெய், பழம், தயிர் எல்லாம் விடுதியிலேயே வரும். இரவுக்கு, உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்டெடுக்கும் அடை ஒன்று உண்டு, ஆப்பிள் கூழோடு தருவார்கள். பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்ஸ்லே (முட்டை சேர்த்த நூடுல்ஸ்) இன்னொன்று. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு (ஆஸ்பரகஸ்) எல்லா இடத்திலும் கிடைக்கும். ஃபிளாம்கூகன் என்ற மெல்லிய தட்டை ரொட்டியிலும் வெங்காய அப்பத்திலும் பன்றிக் கொழுப்புத் துண்டு தூவியிருப்பார்கள், 'ஓனே ஷ்பெக்' என்று சொன்னால் இல்லாமல் செய்வார்கள். முட்டையும் சாப்பிடாதவர்கள் விடுதி பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். ஊறுகாய்ப் பொட்டலமும் அவலும் பையில் இருந்தால் தைரியம்.

சைவ, அசைவம் எதுவானாலும் ஒரு விஷயம்: ஒவ்வொரு உணவகத்துக்கும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுமுறை உண்டு. திங்கள், செவ்வாயில் ஊரில் உள்ள மூன்று கடையும் சேர்ந்தே மூடியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பலசரக்குக் கடைகளும் மூடல். ஒரு திங்கள் இரவு நான் பசியோடு திரும்பி வந்ததைப் பார்த்து, தங்கிய வீட்டு அம்மா தன் அடுக்களையிலிருந்து ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்து வைத்தார். எப்போதும் அப்படி நடக்காது, ஒரு வேளை உணவு பையில் இருக்கட்டும்.

ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்றால் என்ன?

வின்ட்ஸர் தன் வீட்டு முற்றத்திலோ கிடங்கிலோ நடத்தும் பருவகாலக் கடை. ஆண்டில் நான்கு மாதம் மட்டும், அதையும் அதிகபட்சம் இரண்டு தவணையாகத் திறக்கலாம், 40 இருக்கைக்கு மேல் கூடாது, சொந்த ஒயினும் எளிய உணவும்தான் விற்கலாம் என்று சட்டம். வாசலில் தழைக்கொத்தோ துடைப்பமோ தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். காலையில் சரிவில் கொடி கட்டிக்கொண்டிருந்தவரே மாலையில் உங்கள் தட்டைக் கொண்டுவந்து வைப்பார். உட்கார்ந்து பேசுங்கள். உடைந்த ஜெர்மன் போதும்.

தங்குவது, பெட்டி, செலவு?

வின்ட்ஸர் வீடுகளிலேயே விருந்தினர் அறைகள் உண்டு, நான் அதைத்தான் தேடுவேன். சன்னலில் 'ட்சிம்மர் ஃப்ரை' என்று எழுதியிருந்தால் அறை காலி. ஆனால் நெரிசலான வாரங்களில் ஒரே ஒரு இரவுக்கு அறை தர சில வீடுகள் தயங்கும். அப்போது ஒரே ஊரில் மூன்று இரவு தங்கி, ரயிலில் போய்த் தினமும் ஒரு கட்டம் நடந்து திரும்பலாம். பெட்டியை அடுத்த விடுதிக்குக் கொண்டுசேர்க்கும் சேவைகள் இருக்கின்றன. சில விடுதிக்காரர்களே சிறு கட்டணத்துக்குக் காரில் கொண்டுவிடுவார்கள். பதிவு செய்யும்போது கேளுங்கள்.

கடைசியாகப் போனபோது இருவர் ஒரு அறையில் தங்கியதில், அறை, உணவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 90 யூரோ அளவில் ஆனது. கையில் ரொக்கம் வைத்திருங்கள், சிற்றூர்களில் அட்டை செல்லாத இடங்கள் இன்னும் உண்டு.

ரயில், பேருந்து எப்படி?

கோப்லென்ஸிலிருந்து டிரியர் வரை ரயில் பாதை இருக்கிறது. கோஹெம், எடிகர்-எல்லர், நேஃப், புல்லாய் எல்லாம் அதில் வரும். புல்லாயில் மாறினால் சின்னக் கிளைப் பாதை ரைல் வழியாக டிராபன்-டிரார்பாக் போகிறது. முதல் நாள் மேலிருந்து பார்க்கப்போகும் அந்த 92 வளைவுப் பாலத்தின் மேல்தான் அந்த ரயில் போகும். பேர்ன்காஸ்டல்-கூஸ் இருக்கும் நடு மோஸலில் ரயில் கிடையாது, பேருந்துதான். பைல்ஷ்டைனுக்கும் அப்படியே.

ஜெர்மனியில் வசிப்பவர்கள் டாய்ச்லாண்ட்டிக்கெட்டை (நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பேருந்தில் செல்லும் மாதச் சீட்டு) வைத்தே எல்லாம் முடிக்கலாம். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025இல் 58, 2026 முதல் 63 யூரோ. அதிவேக ரயில்களில் செல்லாது. சந்தா என்பதால், ஒரு மாதத்துக்கு மட்டும் எடுப்பவர்கள் 10ஆம் தேதிக்குள் நிறுத்திவிட வேண்டும். குழுவாகப் போனால் ஐந்து பேர் வரை சேர்த்து எடுக்கும் ரைன்லாண்ட்-ஃபால்ஸ் மாநில ஒருநாள் டிக்கெட் மலிவு.

இந்தியாவிலிருந்து வர விசா?

ஷெங்கன் விசாதான். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு வேண்டும். தினமும் ஊர் மாறும் பயணம் என்பதால் ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடப் பதிவையும், நாள்வாரியாக எழுதிய திட்டத்தையும் இணையுங்கள்.

கோட்டைகளில் எதை விடக் கூடாது?

எல்ட்ஸ். மோஸல்கேர்னிலிருந்து ஓடையோரக் காட்டுக்குள் நடந்தால், திருப்பம் ஒன்றில் கூம்புக் கூரைகளோடு திடீரென்று நிற்கும். 850 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில், 33 தலைமுறை தாண்டி இருக்கிறது. ஜெர்மனியின் பழைய 500 மார்க் நோட்டில் இதன் படம் இருந்தது. 1689 வாக்கில் பதினான்காம் லூயியின் படை இந்தப் பள்ளத்தாக்கில் கோட்டை கோட்டையாக இடித்தபோது இது தப்பியது. குடும்பத்தில் ஒருவர் பிரெஞ்சுப் படையில் உயர் அதிகாரியாக இருந்தது காரணம். குளிர்காலத்தில் மூடியிருக்கும், ஏப்ரல் முதல் திறப்பார்கள்.

கோஹெம் கோட்டை அப்போது இடிந்து, 1868க்குப் பிறகு பெர்லின் வணிகர் லூயி ரவேனே திரும்பக் கட்டியது. பைல்ஷ்டைன் கோட்டை இடிந்தபடியே இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். மாலைப் படகுகள் போன பிறகு மேலே ஏறினால் அநேகமாக நீங்கள் மட்டும்தான்.

வழியில் திராட்சை பறித்துச் சாப்பிடலாமா?

கூடாது. வேலியில்லாததால் பொதுச் சொத்து என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கொத்துக்குப் பின்னால் உள்ள உழைப்பை மேலே எழுதியிருக்கிறேன். தோட்டத்தில் வேலை செய்பவரைக் கடக்கும்போது 'குட்டன் மோர்கன்' சொல்லுங்கள். கல்லை உருட்டிவிடாதீர்கள், கீழ்ச்சரிவில் ஆள் இருக்கலாம். கல் அடுக்கிய தாங்குசுவர்கள் மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டாம், சாந்து இல்லாமல் அடுக்கியவை அவை.

பையில் என்ன வேண்டும்?

கணுக்கால் மூடும், அடிப்பிடிப்புள்ள காலணி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மழைச்சட்டை, தொப்பி. நீளக் காலுறையும், மாலையில் உடம்பைச் சோதிக்கும் பழக்கமும்: காட்டுப் புல்லில் உண்ணி ஏறும், லைம் நோய் வரலாம். அவசர எண் 112. 'கைன் டிரிங்க்வாஸர்' என்று எழுதிய குழாயில் குடிக்காதீர்கள், விடுதிக் குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

கோஹெமிலிருந்து காலை ரயிலில் நேஃப் போய் இறங்குங்கள். அங்கிருந்து கால்மோன்ட் ஏறி, உச்சிச் சிலுவைக்கு அருகே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, எல்லர் பக்கம் இறங்குங்கள். எடிகர்-எல்லர் ரயில் நிலையத்தை ஒட்டியே 1879இல் திறந்த கைஸர் வில்ஹெல்ம் சுரங்கத்தின் வாய் இருக்கிறது, நீளம் 4.2 கி.மீ. ஆறு வளைந்து வளைந்து 20 கி.மீ.க்கு மேல் சுற்றிப் போகும் தூரம் அது, ஆறு நாள் பயணத்தில் நான்காம், ஐந்தாம் நாள் நடை முழுவதும். ரயில் இருட்டுக்குள் நுழைந்து சில நிமிடங்களில் கோஹெமில் வெளியே வந்துவிடும். வளைவு வழியாக நடந்து வர இன்னொரு முறை இரண்டு நாள் விடுப்பு எடுங்கள்.